இயங்குதளங்களின் இயல்பு எழுத்துருவும் தமிழ் எழுத்து வேறுபாடுகளும்

ஆய்வுச் சுருக்கம்

மேசைக்கணினி இயங்குதளம் ஒன்று, பயனர் எதனையும் தேர்ந்தெடுக்காத நிலையில் தானாகக் காட்டும் எழுத்துருவே இயல்பு எழுத்துரு எனப்படும். அதனைத் தேர்வது அழகியல் பற்றிய முடிவாகவும் உரோமன் எழுத்தை முதன்மையாகக் கொண்ட முடிவாகவுமே பெரிதும் அமைந்து வந்துள்ளது. ஒருங்குறிக் குறியேற்றம் எழுத்தின் அடையாளத்தை மட்டும் ஏற்று, அதன் வடிவத்தை எழுத்துருவிடம் விட்டுவிட்டமையால், தமிழைப் பொறுத்தவரை எழுத்துச் சீர்திருத்தம், ஔகாரக் குறி, எண்குறிகள் முதலிய எழுத்திலக்கணச் சிக்கல்கள் இயல்பு எழுத்துருவைத் தேர்பவரின் கைக்கு மாறியுள்ளன. இம்மாற்றம் மின்பதிப்புகளையும் சொற்றொகுதிகளையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இயல்பு எழுத்துரு, ஒருங்குறி, எழுத்துச் சீர்திருத்தம், கொம்புக்கால், பதிலி எழுத்துரு, மின்பதிப்பு.

முன்னுரை

தமிழ் மின்தொகுப்பு ஒன்றில் ‘ஔவையார்’ எனத் தேடும் ஆய்வாளருக்குச் சில இடங்கள் கிடைக்கின்றன. கண்ணுக்குத் தெரிந்த வேறு பல இடங்கள் கிடைப்பதில்லை. கிடைக்காத இடங்களில் இருப்பது ‘ஒளவையார்’ என்பதாகும். அஃதாவது, ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்து உள்ளிடப்பட்டுள்ளன. உள்ளிட்டவர் அதனைக் கவனிக்கவில்லை. மெய்ப்புப் பார்த்தவரும் கவனிக்கவில்லை. அவர்கள்முன் இருந்த திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றியிருக்கக்கூடும். இப்பிழைக்குத் தட்டச்சாளரின் கவனக்குறைவு ஒரு காரணம் எனில், அவர் கணினியின் இயல்பு எழுத்துரு மற்றொரு காரணம். முன்னதைப் பற்றி நிறையப் பேசப்பட்டுள்ளது. பின்னது தமிழாய்வில் போதிய கவனம் பெறவில்லை.

எழுத்துரு என்பது அழகு, விருப்பம் ஆகியவற்றோடு தொடர்புடையது என்னும் பொது எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். நூலின் அட்டைக்கும் திருமண அழைப்பிதழுக்கும் எழுத்துரு தேர்வதில் அவ்வெண்ணம் சரியே. ஆனால் ஓர் இயங்குதளத்தின் இயல்பு எழுத்துருவை எவரும் தேர்ந்து படிப்பதில்லை. கோப்புப் பெயர், பட்டியல், எச்சரிக்கைச் செய்தி, வடிவமைப்பு ஏதும் குறிக்கப்படாத மின்னஞ்சல், உலாவியின் தேடல் பெட்டி என அனைத்தும் அதன் வழியாகவே தோன்றுகின்றன. பெரும்பாலான பயனர்கள் அதனை மாற்றுவதில்லை; மாற்ற இயலும் என்பதையும் பலர் அறியார். எனவே, பயனர் செய்யாத தேர்வே இங்கு மிகுந்த வலிமையுடைய தேர்வாகிறது.

குறியேற்றத்திலிருந்து வடிவம் பிரிந்த வரலாறு

ஒருங்குறிக்கு முந்தைய காலத்தில் எழுத்துருவும் குறியேற்றமும் ஒன்றாகவே இருந்தன. ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட ஓர் ஆவணத்தை வேறோர் எழுத்துருவுக்கு மாற்றினால், தமிழுக்குப் பதில் பொருளற்ற உரோமன் எழுத்துகளே தோன்றும். அன்று ‘இயல்பு எழுத்துரு’ என்ற சிக்கல் எழ இடமில்லை. குறிப்பிட்ட அந்த எழுத்துரு இல்லையெனில் படிக்கவே இயலாது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டித் தாம், தாப் என்னும் குறியேற்றங்கள் தமிழக அரசால் தரப்படுத்தப்பட்டபோதும் இந்நிலை முற்றிலும் நீங்கவில்லை. 2010ஆம் ஆண்டு சூன் மாதத்தில் ஒருங்குறியும் அனைத்து எழுத்துக் குறியேற்றமான டேஸ்16உம் அரசாணைவழி ஏற்கப்பட்டன.

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. இந்திய மொழிகளுக்கான இஸ்கி தரத்தின் ஒழுங்கை அது பின்பற்றியது. 247 எழுத்துகளும் தனித்தனியே இடம்பெறாமல், உயிர், அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி ஆகியவை மட்டுமே இடம்பெற்றன. ‘ணை’ என்பது ணகரமும் ஐகாரக் குறியும் சேர்ந்த ஒரு தொடர். அது திரையில் எவ்வடிவில் தோன்றும் என்பதைக் குறியேற்றம் கூறுவதில்லை. அதனைக் கூறுவது எழுத்துருவும், அவ்வெழுத்துருவின் விதிகளை இயக்கும் வடிவமைப்பு நிரலுமே ஆகும். வடிவத்தைப் பற்றிய பொறுப்பு முழுவதும் இவ்வாறு எழுத்துருவுக்குக் கைமாறியது. இக்கைமாற்றத்தின் முழு விளைவு அன்று உணரப்பட்டதாகத் தெரியவில்லை. டேஸ்16 பற்றிய விவாதங்களிலும் இடச்சிக்கனம், வரிசைப்படுத்தம், நிரலாக்க எளிமை ஆகியவையே பெரிதும் பேசப்பட்டன.

தமிழுக்கு வாய்த்த இயல்பு எழுத்துருக்கள்

2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000 இயங்குதளம், ஒருங்குறித் தமிழைக் காட்டும் திறனை லதா எழுத்துருவோடு கொண்டுவந்தது. விண்டோஸ் எக்ஸ்பியிலும் அதுவே தொடர்ந்தது. எனவே ஒருங்குறித் தமிழை முதன்முதலில் கண்ட ஒரு தலைமுறைக்குத் திரைத்தமிழின் முகம் லதாவாகவே இருந்தது. 2009இல் வந்த விண்டோஸ் 7இல் விஜயா சேர்ந்தது. 2012இல் விண்டோஸ் 8 நிர்மலா யூஐ என்னும் எழுத்துருவை இடைமுகத்துக்கென அறிமுகப்படுத்தியது. டைரோ டைப்வொர்க்ஸ் என்னும் எழுத்துரு நிறுவனம் மைக்ரோசாப்டுக்காக உருவாக்கியது அது. விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் துணை எழுத்துருக்கள் என்னும் நிலைக்குச் சென்றன. தமிழைக் கணினியின் மொழிகளுள் ஒன்றாகச் சேர்த்தவர்க்கே அவை தாமாக வந்துசேரும்.

இச்செய்தி சிறியதாகத் தோன்றினும் ஆய்வேடுகளைப் பொறுத்தவரை சிறியதன்று. லதாவில் தட்டச்சிட்ட பழைய ஆய்வேட்டுக் கோப்பு ஒன்றினை லதா இல்லாத கணினியில் திறந்தால், இயங்குதளம் ஓசையின்றி வேறோர் எழுத்துருவை அதன் இடத்தில் வைக்கும். எழுத்தின் அகலம் மாறும். வரி முறியும் இடம் மாறும். பக்க எண்கள் நகரும். கையால் தயாரிக்கப்பட்ட சொல்லடைவு ஒன்று அக்கோப்பில் இருப்பின், அதன் பக்க எண்கள் அனைத்தும் பயனற்றுப் போகும். எழுத்து ஒன்றுகூடத் தவறாது இருக்க, நூல் மட்டும் சிதைந்துவிடுகிறது.

ஆப்பிளின் மேக் ஓஎஸ் தளத்தில் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதியும், பின்னர்த் தமிழ் எம்என், தமிழ் சங்கம் எம்என் ஆகியவையும் இடம்பெற்றன. தமிழ்க் கணிமையில் நெடுங்காலம் உழைத்த ஒருவரின் வரைவு ஓர் உலகளாவிய இயங்குதளத்தின் தமிழ் முகமானது அரிதான நிகழ்வு. லினக்ஸ் வழங்கல்களில் ரெட் ஹேட் நிறுவனம் 2004இல் வெளியிட்ட லோகித் எழுத்துருக் குடும்பம் நெடுங்காலம் தமிழுக்குப் பயன்பட்டது. கூகுள் முன்னெடுத்த நோட்டோ குடும்பம் அதன்பின் பரவியது. 2022இல் வெளிவந்த பெடோரா 36 பல மொழிகளுக்கு நோட்டோவை இயல்பாக்கியது.

முதலெழுத்துருவும் பதிலி எழுத்துருவும்

மேற்கண்ட வரலாறு தமிழுக்கென ஒரு தேர்வு நடைபெற்றது போன்ற தோற்றத்தைத் தருகிறது. உண்மை சற்று வேறானது. விண்டோஸ் விஸ்டா முதல் அவ்வியங்குதளத்தின் இடைமுக எழுத்துரு செகோ யூஐ. அதில் தமிழ் இல்லை. லினக்ஸின் க்னோம் மேசைத்தளத்துக்கு 2011 முதல் கேன்டரெல் இயல்பு எழுத்துருவாக இருந்தது. அதிலும் தமிழ் இல்லை. 2010இல் உபுண்டு தனக்கென உருவாக்கிக்கொண்ட எழுத்துருவும் தமிழை உள்ளடக்கவில்லை. ஏராளமான எழுத்துமுறைகளை உள்ளடக்கியதாகப் பெயர்பெற்ற டெஜாவுவிலும் தமிழுக்கு இடமில்லை. இயங்குதளம் முதலில் தன் முதலெழுத்துருவில் தமிழைத் தேடுகிறது. காணாதபோது பதிலி எழுத்துரு ஒன்றை நாடுகிறது. ஆகவே, தமிழின் இயல்பு எழுத்துரு என வழங்குவது பெரும்பாலும் பதிலிகளின் வரிசையில் முதலில் நிற்பதே ஆகும்.

2025 மார்ச்சில் வெளிவந்த க்னோம் 48 இங்குக் கருதத்தக்க சான்று. அதில் கேன்டரெல் நீக்கப்பட்டு, இன்டர் எழுத்துருவை அடிப்படையாகக் கொண்ட அத்வைதா சான்ஸ் இயல்பாயிற்று. பெயர் வடமொழியாயினும் அதில் இந்திய எழுத்து எதுவும் இல்லை. தமிழ்ப் பயனரின் திரையில் இம்மாற்றம் உரோமன் எழுத்துகளை மட்டுமே தொட்டது. ஆயினும் அது தமிழையும் மறைமுகமாகத் தொடுகிறது. உரோமனின் சிறிய எழுத்துகள் இன்டரில் உயரமானவை. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லை. ‘ப’, ‘ட’ போன்றவற்றின் உயரத்தை உரோமனின் சிறிய எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் இடைப்பட்டதாக வரைவாளர் கணித்து அமைப்பது வழக்கம். அக்கணிப்பு ஒரு குறிப்பிட்ட உரோமன் எழுத்துருவை நோக்கியது. அருகில் நிற்கும் உரோமன் மாறித் தமிழ் மாறாதிருப்பின், ஒரே வரியில் இரண்டும் கலந்து வரும் இடங்களில் தமிழ் சிறுத்துத் தோன்றும். எழுத்துருவின் அளவைப் பயனர் கூட்டினால் உரோமன் மேலும் பெருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே தனித்தனி அளவு வைக்கும் வசதி இடைமுக அமைப்புகளில் பொதுவாகக் காணப்படுவதில்லை.

பதிலி முறையில் மற்றோர் இடையூறும் உண்டு. பதிலித் தேடல் எழுத்துதோறும் நடைபெறுகிறது. ‘ஶ’ என்னும் எழுத்து 2005இல் ஒருங்குறி 4.1இல் சேர்க்கப்பட்டது, தமிழ்ச் சுழியமும் அப்பதிப்பிலேயே சேர்ந்தது. அதற்கு முன் உருவான எழுத்துருக்களில் இவை இருக்க வழியில்லை. அத்தகைய எழுத்துரு முதலில் நின்றால், ஒரு சொல்லின் பிற எழுத்துகள் ஓர் எழுத்துருவிலும் ‘ஶ’ மட்டும் வேறோர் எழுத்துருவிலும் தோன்றும். உயிர்க்குறி தன் மெய்யினின்று பிரிந்து, புள்ளிகளாலான வட்டம் ஒன்றைத் தாங்கி நிற்பதும் இவ்வாறு நேர்வதே. ‘ஸ்ரீ’யின் நிலை இன்னும் சிக்கலானது. 2005க்கு முன் அதனை ஸகரத்தில் தொடங்கி உள்ளிடுவதே வழி. அதன்பின் ஶகரத்தில் தொடங்கும் ‘ஶ்ரீ’ என்னும் தொடர் ஒருங்குறியால் பரிந்துரைக்கப்பட்டது. எழுத்துருக்கள் பல இரண்டையும் ஒரே கூட்டெழுத்தாகக் காட்டுகின்றன. காண்பவர்க்கு நன்மை, தேடுபவர்க்குத் தீமை. ‘ஸ்ரீரங்கம்’ என ஒரு தொடரில் தேடியவர்க்கு மற்றொரு தொடரில் உள்ளிட்ட திருவரங்கக் குறிப்புகள் கிட்டா.

1978ஆம் ஆண்டின் பதின்மூன்று எழுத்துகள்

தமிழக அரசு 1978ஆம் ஆண்டு அக்டோபரில், பெரியார் நூற்றாண்டையொட்டிப் பிறப்பித்த ஆணைவழி ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை ஆகிய பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் கையாண்ட வடிவங்கள் அவை. மெய்யோடு இணைந்து வளைந்த ஆகாரமும், யானைத் துதிக்கை போன்று முன்னே நீண்ட ஐகாரமும் நீங்கி, பிற மெய்களுக்குரிய துணைக்காலும் இணைக்கொம்பும் இவற்றுக்கும் வந்தன. அச்சுக்கோப்பில் தனி அச்சுகளின் எண்ணிக்கை குறைவதும் தட்டச்சுப் பொறி எளிமையாவதும் அச்சீர்திருத்தத்துக்குக் கூறப்பட்ட பயன்களுள் அடங்கும்.

ஒருங்குறியில் இப்பதின்மூன்றுக்கும் பழைய வடிவம், புதிய வடிவம் என இருவேறு குறிகள் இல்லை. வடிவம் எழுத்துருவைச் சார்ந்தது. இயங்குதளங்களின் இயல்பு எழுத்துருக்கள் புதிய வடிவையே ஏற்றன. அன்றாடப் பயன்பாட்டுக்கு அதுவே தகும். ஆனால் உ.வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பித்த சீவக சிந்தாமணியையோ 1894இல் பதிப்பித்த புறநானூற்றையோ எழுத்துக்கெழுத்து மின்வடிவாக்க முயலும் பதிப்பாசிரியர்க்கு இங்குச் சிக்கல் எழுகிறது. அவர் உள்ளிடும் தொடரில் பழைய வடிவம் இருந்தது என்ற செய்தி பதிவாவதில்லை. பழைய வடிவம் தரும் லோகித் தமிழ் கிளாசிக்கல் போன்ற எழுத்துருவில் அவர் அதனைப் பார்க்கலாம். கோப்பு மற்றொருவரின் கணினிக்குச் சென்றவுடன், அங்குள்ள இயல்பு எழுத்துரு 1978க்குப் பிந்தைய வடிவில் அதனைக் காட்டும். சீர்திருத்தம் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது போன்ற காட்சி அது.

இதன் மறுபக்கமும் எண்ணத்தக்கது. அச்சுகளின் எண்ணிக்கை பற்றிய காரணம் கணினியில் பொருளிழந்துவிட்டது. எழுத்துரு வரைவாளர்க்குப் பதின்மூன்று கூட்டு வடிவங்கள் வரைவது பெரிய வேலையன்று. உகர, ஊகார உயிர்மெய்களுக்காக முப்பத்தாறு தனிவடிவங்களை அவர் எப்படியும் வரைந்தாக வேண்டும். ஓரே எழுத்துருவில் இரு வடிவங்களையும் வைத்து, வேண்டுபவர் வேண்டியதை இயக்கிக்கொள்ளும் வசதி ஓப்பன்டைப் தொழில்நுட்பத்தில் உள்ளது. அவ்வசதி சில பதிப்பு மென்பொருள்களில் கிட்டுகிறதேயன்றி இயங்குதள அளவில் பயனருக்குத் தரப்படுவதில்லை.

இந்த உகர, ஊகார உயிர்மெய்கள் குறித்து வா.செ. குழந்தைசாமி முன்வைத்த சீர்திருத்தக் கருத்து நீண்ட வாதங்களுக்கு உள்ளானது. ஜு, ஷு, ஸு போன்ற கிரந்த எழுத்துகளில் குறி தனித்து நிற்பதுபோலத் தமிழ் மெய்களுக்கும் தனிக்குறி வேண்டும் என்பது அதன் சாரம். ஏற்பும் மறுப்பும் கூறியோர் அனைவரும் அதனை அரசு ஆணையிட்டு நிறைவேற்றும் ஒன்றாகவே கருதினர். எழுத்துருவின் நோக்கில் நிலைமை வேறு. ஓர் இயங்குதளத்தின் இயல்பு எழுத்துருவில் முப்பத்தாறு வடிவங்களை மாற்றிவிட்டால், ஆணை ஏதுமின்றி, சேமிக்கப்பட்ட ஆவணத்தில் ஒரு குறியும் மாறாமல், அத்தளத்தின் தமிழ் முழுவதும் புதிய வடிவில் தோன்றும். எந்நிறுவனமும் அவ்வாறு செய்ய முற்படவில்லை என்பது ஆறுதல். ஆயின் அது தடுக்கப்பட்டிருப்பதால் நிகழாமல் இல்லை. எவரும் நினைக்காததால் நிகழாமல் உள்ளது.

கொம்புக்காலும் ளகரமும்

முன்னுரையில் சுட்டிய ஔகாரச் சிக்கலே இவற்றுள் மிகுந்த கேடு விளைவிப்பது. ஔகார உயிர்மெய்யின் வலப்பகுதியாகிய கொம்புக்கால் வடிவத்தில் ளகரமாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ‘ஔ’ என்னும் உயிரில் அதனைச் சிறிதாக எழுதும் வழக்கம் உண்டு. உயிர்மெய்யில் முழு அளவு ளகரமே மிகுதி. பாமினி போன்றவற்றில் கொம்பையும் மெய்யையும் ளகரத்தையும் வரிசையாக அடித்தே ‘கௌ’ பெறப்பட்டது. அப்பழக்கம் ஒருங்குறிக்கும் தொடர்ந்து வந்தது. ஒருங்குறியிலோ கொம்புக்கால் தனிக்குறி. ஒகரமும் அக்குறியும் சேர்ந்தால் ஔகாரத்துக்கு நிகர், ஒகரமும் ளகரமும் சேர்ந்தால் நிகர் அன்று. ‘கௌரவம்’ என்பதும் ‘கெளரவம்’ என்பதும் கணினிக்கு வெவ்வேறு சொற்கள். பின்னதை அது கெகரத்தின் கீழ் அகரவரிசைப்படுத்தும்.

பிழையைப் பின்னர்த் தானியங்கியாகத் திருத்திவிடலாம் என்பர். உயிர்க்குறியோ புள்ளியோ ஏறாத ளகரம் எகர உயிர்மெய்யை அடுத்து வரும்போது ஔகாரமாக மாற்றுக என ஒரு விதி எழுதலாம். ‘வெளி’, ‘தெளிவு’, ‘கெளிறு’ ஆகியவை அதனால் தீண்டப்படாமல் தப்பும். ஆனால் வட்டார வழக்குப் புனைகதை ஒன்றில் வரும் ‘கெளம்பு’, ‘வெளக்கு’ ஆகியவை ‘கௌம்பு’, ‘வௌக்கு’ என்றாகிவிடும். இலக்கணத் தமிழில் அரிதான அமைப்பு பேச்சுத்தமிழில் இயல்பானது. எனவே சொற்றொகுதியைத் தூய்மைப்படுத்த முனையும் விதி, வழக்காற்றியலாளர் தேடும் வடிவத்தையே அழித்துவிடக்கூடும். பிழையை உள்ளிடும்போதே காண்பதுதான் வழி. அதற்குத் திரையில் இரண்டும் வேறுபட்டுத் தோன்ற வேண்டும். அஃதாவது, கொம்புக்காலைச் சற்றே சிறிதாகவோ உயர்த்தியோ காட்டும் எழுத்துரு இயல்பாக இருக்க வேண்டும். மரபு வடிவத்துக்கு இது முற்றிலும் புறம்பானதன்று. ‘ஔ’வில் வழங்கும் சிறிய வடிவை உயிர்மெய்க்கும் விரிப்பதே ஆகும்.

உரோமன் எழுத்துலகம் இவ்வகைச் சிக்கலை நெடுநாள் முன்னரே தன் தேர்வளவையாகக் கொண்டது. பெரிய ‘ஐ’, சிறிய ‘எல்’, எண் ஒன்று ஆகிய மூன்றும் குழம்பாதிருக்க வேண்டும் என்பது திரைக்கான எழுத்துரு வரைவில் முதற்பாடம். விண்டோஸ் எக்ஸ்பியின் இடைமுக எழுத்துருவான தகோமாவை மேத்யூ கார்ட்டர் வரைந்தபோது, பெரிய ‘ஐ’க்குக் குறுக்குக் கோடுகளை இட்டது இதனால்தான். தமிழுக்கு நிகரான பட்டியல் ஒன்று வேண்டும். கொம்புக்கால்–ளகரம் அதில் முதலாவது. துணைக்கால்–ரகரம் அடுத்தது, ஓலைச்சுவடி படித்தோர் அக்குழப்பத்தை நன்கறிவர். தமிழ் எண்களாகிய ௧, ௨, ௭, ௮, ௰ ஆகியவை முறையே க, உ, எ, அ, ய என்பவற்றோடு மயங்குவது மூன்றாவது. பழம்பதிப்புகளின் பாட்டெண்களை மின்வடிவாக்கும்போது எண்ணுக்குப் பதில் எழுத்தை இட்டுவிடும் பிழை இதனால் எளிதில் நுழைகிறது.

சிறிய அளவில் தமிழ்

விண்டோஸ் எக்ஸ்பியின் இடைமுகம் எட்டுப் புள்ளி அளவிலும், விஸ்டா முதலானவை ஒன்பது புள்ளி அளவிலும் எழுத்தைக் காட்டின. அங்குலத்துக்கு 96 படப்புள்ளி கொண்ட திரையில் ஒன்பது புள்ளி என்பது 12 படப்புள்ளி உயரமே. உரோமன் எழுத்துக்குப் போதுமான இவ்விடத்தில் ‘ண’வின் சுழிகளும் ‘னை’யின் கொம்பும் அடங்க வேண்டும். ணகரத்துக்கும் னகரத்துக்கும் வேறுபாடு ஒரு சுழியே. ‘பணி’, ‘பனி’யாகவும் ‘மணம்’, ‘மன’மாகவும் மயங்குவது அச்சில் கண்பார்வையின் குறை, சிறிய திரையெழுத்தில் அது வரைவின் குறை.

உயரம் மற்றொரு நெருக்கடி. ஈகாரச் சுழி மேலே எழுகிறது. ‘கூ’, ‘மூ’, ‘ஞ’, ‘ழ’ ஆகியவை கீழே இறங்குகின்றன. வரியின் உயரத்தை வகுப்பது முதலெழுத்துருவான உரோமன். அதற்குள் அடங்காத தமிழின் மேற்பகுதி வெட்டுண்ட பட்டியல்களைக் காணாத தமிழ்ப் பயனர் அரியர். இதற்கெனவே நோட்டோ குடும்பத்தில், வரியுயரத்துக்குள் அடங்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் யூஐ தனியே அமைக்கப்பட்டது. உயரத்தைக் குறைத்தால் முதலில் நசுங்குவது ஈகாரச் சுழியாகும். ‘மிதி’க்கும் ‘மீதி’க்கும் உள்ள வேறுபாடு அச்சுழியில்தான் உள்ளது. குறில் நெடில் வேறுபாடு பொருள் வேறுபாடாகும் மொழியில் இது வெறும் அளவுச் சிக்கல் அன்று. நிர்மலா யூஐ வேறு வழி சென்றது. தேவநாகரி, தெலுங்கு, மலையாளம், சிங்களம் முதலிய பல எழுத்துமுறைகளைத் தமிழோடு ஒரே எழுத்துருவில் வைத்தது. ஓர் எழுத்துருவுக்கு ஒரு வரியுயரமே இருக்க இயலும். மெய்க்குக் கீழ் மெய் அடுக்கும் தெலுங்குக்குத் தேவையான இடம், அடுக்கெழுத்து அருகிய தமிழுக்கும் வகுக்கப்படுகிறது. பராமரிப்பவர்க்கு வசதி, தமிழ்ப் பத்திக்குத் தளர்ச்சி.

புள்ளியைப் பற்றித் தனியே கூற வேண்டும். மெய் புள்ளி பெறும் என்பதும், எகர ஒகரக் குறில்களும் அவ்வாறே புள்ளி பெறும் என்பதும் தொல்காப்பிய நூன்மரபின் விதிகள். ஓலையில் எழுத்தாணி புள்ளியை இடாது விட்டமையால் நேர்ந்த பாடவேறுபாடுகள் பதிப்பியலார் அறிந்தவை. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவால் பிரித்த மாற்றம் வீரமாமுனிவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது. 12 படப்புள்ளி உயரத்தில் மெய்யின் புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு படப்புள்ளிகளே. அது மங்கினால் ஓலையின் நிலைமை திரையில் மீள்கிறது. நுண்திரைகள் பெருகியதால் இச்சிக்கல் தணிந்துள்ளது. பள்ளி, நூலகம், அலுவலகம் ஆகியவற்றின் பழைய திரைகளில் தணியவில்லை.

தேர்வில் தமிழியலாரின் இடம்

இதுவரை இயல்பு எழுத்துருவைத் தேர்ந்தோர் வரைவாளரும் நிரலாளரும் நிறுவன மேலாளரும் ஆவர். அவர்களைக் குறை கூற இயலாது. தமிழ்த்துறைகள் அவர்களிடம் வைத்த தெளிவான அளவை எதுவும் இல்லை. ‘அழகாக இல்லை’ என்னும் முறையீடு வரைவாளர்க்குப் பயன்படாது. ‘கௌரவம்–கெளரவம், ஔவை–ஒளவை, மிதி–மீதி, பணி–பனி, ௧–க, ஶ்ரீ–ஸ்ரீ ஆகிய இணைகளை ஒன்பது புள்ளி அளவில் வேறுபடுத்திக் காட்டுக, வேறுபடுத்தலாகாத இணை எது, ஏன் என விளக்குக’ என்னும் சோதனைப் பட்டியல் பயன்படும். அத்தகைய பட்டியலைத் தொகுக்க வேண்டிய அறிவு சுவடியியல், பதிப்பியல், ஒலியியல் பயின்றோரிடம் உள்ளது.

மின்பதிப்பு வெளியிடுவோர்க்கும் ஒரு கடமை எஞ்சுகிறது. எந்த எழுத்துருவில் மெய்ப்புப் பார்க்கப்பட்டது, மூலத்தில் 1978க்கு முந்தைய வடிவம் இருந்ததா, தமிழ் எண்கள் எண்குறிகளாக உள்ளிடப்பட்டனவா என்பவற்றைப் பதிப்புரையில் குறித்தல் வேண்டும். அச்சுப் பதிப்பாசிரியர் தாம் ஒப்புநோக்கிய சுவடிகளைப் பட்டியலிடுவதற்கு இது நிகர். எழுத்துருவைத் தன்னுள் பொதிந்த கோப்பில் வடிவம் நிலைக்கும். வெறும் உரைக்கோப்பிலும் இணையப் பக்கத்திலும் படிப்பவரின் இயல்பு எழுத்துருவே இறுதிச் சொல் கூறும்.

நிறுவனங்களின் மூடிய எழுத்துருக்களில் திருத்தம் கோரவே இயலும். நோட்டோவும் லோகித்தும் அவ்வாறு மூடப்பட்டவை அல்ல. நோட்டோ 2015 முதலும் லோகித் 2011 முதலும் திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் வழங்கப்படுகின்றன. மாற்றியமைத்த எழுத்துருவையும் அதே உரிமத்தின்கீழ் வழங்கலாம்; ஒதுக்கப்பட்ட பெயர் இருப்பின் புதுப்பெயர் இட வேண்டும் என்பது நிபந்தனை. கொம்புக்காலை ளகரத்தினின்று வேறுபடுத்தி, பழைய பதின்மூன்று வடிவங்களையும் உடன்வைத்து, மெய்ப்புத் திருத்தத்துக்கென ஓர் எழுத்துருவை ஒரு தமிழ்த்துறை உருவாக்குவதற்கு உரிமத் தடை இல்லை. அதனைத் தன் ஆய்வுக்கூடக் கணினிகளின் இயல்பு எழுத்துருவாக அமைப்பதற்கும் எவரிடமும் ஒப்புதல் பெற வேண்டியதில்லை.